கோடையில் லாரித் தண்ணீர் கேட்காத பூங்கா

மடிப்பாக்கத்தில் உங்கள் குடியிருப்பை ஒட்டிய ஆறு கிரவுண்ட் ஓ.எஸ்.ஆர். நிலத்தை (மனைப்பிரிவில் திறந்தவெளிக்கென ஒதுக்கிய இடத்தை) பூங்காவாக்க ஒப்புதல் கிடைத்திருப்பதாகவும், அங்குள்ள போர்வெல் ஏப்ரல் மாதத்தோடு வற்றிவிடுவதாகவும், வற்றுவதற்கு முன்பே தண்ணீர் உப்புக்கரிக்கத் தொடங்கிவிடுவதாகவும் எழுதி, குறைந்த தண்ணீரில் வளரும் செடிகளின் பட்டியல் ஒன்று தர முடியுமா, சொட்டுநீர்க் குழாய் போட்டால் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். சங்கத்தில் ஒரு சாரார் புல்வெளியும் நீரூற்றும் வேண்டும் என்றும், இன்னொரு சாரார் கன்றுகளை மிக நெருக்கி நட்டு வளர்க்கும் மியாவாக்கி காடு வேண்டும் என்றும் நிற்பதாகவும் சொல்கிறீர்கள். நீங்கள் எழுதியதை முழுதாகப் படித்தபின், உங்கள் கேள்வியை இப்படித்தான் புரிந்துகொண்டேன்: பங்குனி முதல் ஆனி வரை லாரித் தண்ணீர் வாங்காமல் ஒரு பொதுப் பூங்கா உயிரோடும், நாலு பேர் வந்து உட்காரும்படியும் இருக்க முடியுமா? முடியும். ஆனால் அதற்கான விடையில் செடிப்பட்டியல் மூன்றாவதாகத்தான் வரும். நிலத்தின் மட்டம் முதலாவது, மண் இரண்டாவது. சொட்டுநீர் எல்லாவற்றுக்கும் கடைசி.

நான் தோட்டக்கலை படித்தவன்; சென்னையிலும் அதன் தென்புறநகரிலும் பூங்காக்களையும் வளாகத் தோட்டங்களையும் அமைத்துப் பராமரிக்கும் வேலையில் பல ஆண்டுகளாக இருப்பவன். உங்கள் இடத்தை நான் பார்த்ததில்லை. எனவே கீழே வரும் தண்ணீர்க் கணக்கையும் மரங்களின் குணத்தையும் நீங்கள் நம்பி எடுத்துக்கொள்ளலாம்; உங்கள் மண்ணில் எத்தனை அடி ஆழத்தில் என்ன இருக்கிறது என்பதை மட்டும் தோண்டிப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். துறையிலேயே கருத்து வேறுபாடு உள்ள விஷயங்களை அந்தந்த இடத்தில் அப்படியே சொல்லிவிடுகிறேன்.

முதலில் வரவைப் பார்ப்போம். சென்னையில் ஆண்டுக்குச் சராசரியாக 1,400 மி.மீ. அளவில் மழை பெய்கிறது. அதில் ஏறத்தாழ அறுபது சதவீதம் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவத்தில் கொட்டிவிடுகிறது. ஒரு சதுர மீட்டரில் ஒரு மி.மீ. மழை பெய்தால் ஒரு லிட்டர். ஒரு கிரவுண்ட் 2,400 சதுர அடி, அதாவது சுமார் 223 சதுர மீட்டர். ஆக, உங்கள் ஆறு கிரவுண்டில் ஓர் ஆண்டில் விழும் மழை 18 லட்சம் லிட்டருக்கு மேல். 12,000 லிட்டர் லாரிக் கணக்கில் நூற்றைம்பது லோடைத் தாண்டும். குடிநீர் தரும் நான்கு ஏரிகளும் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்த 2019-ஐ நாம் யாரும் மறக்கவில்லை. ஆனால் இந்த ஊரின் சிக்கல் மழைக்குறைவு அன்று. மூன்று மாதத்தில் வந்ததை ஒன்பது மாதத்துக்கு வைத்துக்கொள்ளத் தெரியாததுதான் சிக்கல்.

இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. தண்ணீர் சிக்கனத் தோட்டம் என்றவுடன் கூழாங்கல் பரப்பி, நடுவே கள்ளியும் கற்றாழையும் வைத்த படங்களைத்தான் எல்லோரும் காட்டுகிறார்கள். 'ஸீரோஸ்கேப்' என்ற பெயரில் அந்த முறை 1981-இல் அமெரிக்காவின் டென்வர் நகரக் குடிநீர் வாரியத்தில் உருவானது. அங்கே ஆண்டு மழை 400 மி.மீ.-க்கும் குறைவு. ஒரேவகைத் தண்ணீர்த் தேவை உள்ள செடிகளை ஓரிடத்தில் சேர்த்து வைப்பது, புல்லைக் குறைப்பது, மூடாக்கு இடுவது என்று அந்த முறை சொல்லும் கொள்கைகள் எங்கும் பொருந்தும். ஆனால் அதன் தோற்றத்தை மட்டும் இங்கே இறக்குமதி செய்தால், ஐப்பசி அடைமழையில் கள்ளி வேரழுகிச் சாகும்; சித்திரையில் கூழாங்கல் சூடேறி, மாலை ஏழு மணிக்கும் பூங்காவில் யாரும் உட்கார முடியாது. நமக்கு முன்மாதிரி பாலைவனமன்று. மழைக்காலத்தில் நனைந்து ஊறி, அடுத்த ஐந்தாறு மாதம் வறட்சியைத் தாங்கி, அப்போதும் இலையுதிர்க்காமல் நிற்கும் கடலோரக் காடு ஒன்று இந்த ஊரிலேயே இருக்கிறது. கிண்டி தேசியப் பூங்காவின் வேலிக்கு வெளியே நின்று மே மாதத்தில் பார்த்தாலும் அது தெரியும். யாரும் அதற்குத் தண்ணீர் ஊற்றுவதில்லை.

இனி மட்டம். சென்னையில் பூங்கா கட்டும் வழக்கமான முறை என்னவென்றால், பாத்தியைச் சுற்றி ஒரு அடி உயரத்துக்குச் செங்கல் கட்டி, உள்ளே செம்மண்ணைக் கொட்டி, நடுவில் மேடாக்கி, அதன்மேல் செடி நடுவது. நடைபாதைக்கு பேவர் பிளாக். பார்க்க எடுப்பாக இருக்கும். மழை பெய்தால் மேட்டிலிருந்து பாதைக்கும், பாதையிலிருந்து தெருவுக்கும், தெருவிலிருந்து மழைநீர் வடிகாலுக்கும் தண்ணீர் ஓடிவிடும். பாத்தி கவிழ்த்துவைத்த தட்டாக இருக்கிறது. அதை நிமிர்த்திவைப்பதுதான் இந்த வேலையில் பாதி. பாதை உயரமாகவும், பாத்தி பாதையைவிட ஆறு அங்குலம் தாழ்வாகவும் இருக்க வேண்டும். பாதை இரு பக்கமும் பாத்தியை நோக்கி லேசாகச் சரிய வேண்டும். ஐம்பது அடிக்கு ஒரு அடி என்ற வாட்டம் போதும். ஓரக்கல் வைத்தே தீருவோம் என்றால், நான்கைந்து அடிக்கு ஓரிடத்தில் ஒரு கல்லை விட்டுவிட்டு வையுங்கள்.

கணக்கு இப்படி வரும். ஆறு கிரவுண்டில் இரண்டு கிரவுண்ட் பாத்தி என்று வைத்து, அதை ஆறு அங்குலம் தாழ்த்தினால், ஒரு தடவைக்குச் சுமார் 67,000 லிட்டர் அதில் நிற்கும். 50 மி.மீ. மழை முழு இடத்திலும் பெய்தால் விழும் தண்ணீரும் ஏறத்தாழ அவ்வளவே. அதாவது, பருவமழையில் அடிக்கடி வரும் ஒரு நல்ல மழையை அப்படியே உள்ளே பிடித்துவிடலாம். இதற்குத் தொட்டியும் வேண்டாம், மோட்டாரும் வேண்டாம். தோண்டி எடுத்த மண்ணை ஒரு மூலையில் மேடாக்கினால் குழந்தைகள் ஏறி இறங்க ஆகும். அதற்குமேல் வரும் தண்ணீர் வெளியேற, பாத்தியின் விளிம்பு மட்டத்தில் ஒரு வழிந்தோடி வைத்து வடிகாலோடு இணைத்துவிடுங்கள். 2015 டிசம்பரிலும், 2023-இல் மிக்ஜாம் புயலின்போதும் பெய்தது போன்ற மழையை எந்தப் பூங்காவும் பிடித்து வைக்காது. அப்படி நடக்கும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

இந்த மட்டத்தை வரைபடத்தில் போடுவது எளிது. தளத்தில்தான் அது கெடும். மேஸ்திரி தண்ணீர் டியூபைப் பிடித்து இரண்டு முனையிலும் மட்டம் குறிக்கும்போது சங்கத்திலிருந்து ஒருவர் பக்கத்தில் நிற்க வேண்டும். பாதைக்குக் கீழே ஜல்லி, அதற்குமேல் எம்-சாண்ட், அதற்குமேல் பிளாக் என்று ஒவ்வொன்றாக ஏறும்போது பாதை உயரும், சரிதான். ஆனால் கடைசி நாளில் மீந்த மண்ணையும் உடைந்த செங்கல்லையும் லாரி வைத்து வெளியே அனுப்பும் செலவை மிச்சம் பிடிக்க, அதைப் பாத்தியில் தட்டி நிரவிவிடுவார்கள். ஆறு அங்குலத் தாழ்வு ஒரே மாலையில் காணாமல் போகும். பில் தொகையை விடுவிக்குமுன் மட்டத்தை மறுபடி அளந்து பாருங்கள்.

தாழ்வான பாத்தி என்றதும் கொசு என்பார்கள். நியாயமான கவலைதான். முட்டையிலிருந்து கொசுவாகப் பறக்க நம் வெப்பத்தில் ஒரு வாரத்துக்குச் சற்று மேல் ஆகும். எனவே தண்ணீர் இரண்டு மூன்று நாளுக்குள் மண்ணில் இறங்கிவிட்டால் அங்கே கொசு பெருகாது. உங்கள் மண் அப்படி இறக்குமா என்பதை இப்போதே பார்த்துவிடலாம். ஒன்றரை அடி ஆழத்தில், ஓரடிக்கு ஓரடி அகலத்தில் குழி வெட்டி, வாய்வரை தண்ணீர் ஊற்றி, அது முழுக்க இறங்கவிடுங்கள். மறுபடி ஊற்றி, ஒரு குச்சியில் கோடு போட்டுச் செருகி, மணிக்கு எத்தனை அங்குலம் இறங்குகிறது என்று குறியுங்கள். முதல் தடவை வறண்ட மண் குடிப்பதை வைத்து முடிவு செய்யக் கூடாது. இரண்டாவது அளவுதான் கணக்கு. மணிக்கு ஓர் அங்குலமோ அதற்கு மேலோ இறங்கினால் கவலையே இல்லை. ஒரு நாள் முழுக்க ஓரிரு அங்குலம்தான் இறங்குகிறது என்றால் கீழே களி இருக்கிறது. திருவான்மியூர், கொட்டிவாக்கம் போன்ற கடலோரத்தில் மணல். மேற்கு மாம்பலம், விருகம்பாக்கம் பக்கம் களி. கிண்டி, ஆதம்பாக்கம் பக்கம் சில அடியிலேயே பாறை. உங்கள் பக்கம் பள்ளிக்கரணைச் சதுப்பின் விளிம்பு. ஒரே மனையில் ஒரு மூலை மணலாகவும் மறு மூலை களியாகவும் இருப்பது அங்கே சாதாரணம். ஆகவே மூன்று நான்கு இடத்தில் குழி போடுங்கள். களி என்று தெரிந்தால், பாத்தியின் தாழ்வை நான்கு அங்குலமாகக் குறைத்து, நடுவில் களியைத் தாண்டி மணல் அடுக்கைத் தொடும்வரை உறை இறக்கி உறைகிணறு ஒன்று போட வேண்டும். அதன் வாயில் வண்டல் தங்க ஒரு சிறு தொட்டி அவசியம். ஒவ்வோர் ஆண்டும் புரட்டாசியில் அதைத் தூர்வாரவில்லையென்றால் மூன்றாவது ஆண்டில் அது வெறும் குழி.

மண்ணைப் பற்றி ஒரு சொல். ஓ.எஸ்.ஆர். நிலம் என்பது பெரும்பாலும் அந்த மனைப்பிரிவின் கட்டடக் கழிவு போய்ச் சேர்ந்த இடம். மேலே அரை அடி செம்மண். கீழே செங்கல் துண்டு, சிமெண்ட் கட்டி, தெர்மோகோல். வேர் அரை அடியோடு நின்றுவிடும். பிறகு அந்தச் செடிக்குத் தினமும் தண்ணீர் ஊற்றித்தான் ஆக வேண்டும். இரண்டடி ஆழத்துக்குக் கழிவை அகற்றுவதில் செலவிடும் பணம், பிற்பாடு தண்ணீருக்குச் செலவிடாத பணம். நல்ல செம்மண் கலந்த மணற்பாங்கான மண் ஒரு மீட்டர் ஆழத்துக்கு 100 மி.மீ. அளவில் செடிக்குப் பயன்படும் நீரைப் பிடித்து வைக்கும். வெறும் மணல் அதில் பாதிதான் வைக்கும். மட்கு உரம் கலப்பது மணலில் நிச்சயமாகப் பயன் தரும். மாநகராட்சி உரக்கூடங்களில் கிடைக்கும் உரத்தைச் சலித்து, கண்ணாடித் துண்டு இருக்கிறதா என்று பார்த்துப் போடுங்கள். மாறாக, தண்ணீரை உறிஞ்சி வைக்கும் 'ஹைட்ரோஜெல்' குருணையை விற்க வருபவர்களிடம் எச்சரிக்கையாக இருங்கள். நல்ல நீரில் அது உப்பிப் பெருகுவது உண்மை; உப்பு நீரில் அதன் உறிஞ்சும் திறன் வெகுவாகக் குறைந்துவிடுவதும் உண்மை. உங்கள் போர்வெல் தண்ணீருக்கு அது வீண் செலவு என்பது என் கருத்து.

புல்வெளிக்கு வருவோம், ஏனென்றால் சங்கக் கூட்டத்தில் சண்டை அதில்தான் வரும். அக்னி நட்சத்திர நாள்களில் சென்னை வெயிலும் காற்றும் ஒரு நாளைக்குச் சுமார் 6 மி.மீ. நீரைப் பசும்பரப்பிலிருந்து இழுக்கும். நம் ஊர்ப் புல்வகைகள் அதில் அறுபது சதவீதம் கிடைத்தாலே தாக்குப்பிடிக்கும். அதாவது நாளுக்கு நான்கு மி.மீ.-க்குச் சற்றுக் குறைவு. இரண்டு கிரவுண்ட் புல்லுக்கு இது நாளொன்றுக்கு 1,600 லிட்டர் அளவில் வரும். ஹோஸ் பிடித்து ஊற்றுவதில் பாதையில் வழிவதையும் ஆவியாவதையும் சேர்த்தால் 2,500 ஆகிவிடும். மார்ச் முதல் ஜூன் நடுவரை நூறு நாள் என்று வைத்தால் இரண்டரை லட்சம் லிட்டர், இருபது லாரிக்கு மேல். அதே இரண்டு கிரவுண்டில் வேரூன்றிய உள்ளூர்ப் புதர்ச்செடிகள் இருந்தால், பங்குனி வரை மண்ணில் உள்ள ஈரமே பெரும்பாலும் ஓட்டிவிடும். அதன்பின் எழுபது நாளுக்கு நாளுக்கு ஒன்றரை மி.மீ. வீதம் கொடுத்தாலும் மொத்தம் 47,000 லிட்டர்தான். நான்கு லாரி. இந்த எண்கள் நிழல், காற்று, மண்ணைப் பொறுத்துக் கால்பங்கு கூடலாம் குறையலாம்; ஆனால் ஒன்றுக்கு ஐந்து என்ற விகிதம் பெரிதாக மாறாது.

புல்லே கூடாது என்று நான் சொல்லவில்லை. குழந்தைகள் விழுந்து புரள ஓரிடம் வேண்டும். அரை கிரவுண்ட் போதும். அதுவும் நாலாபக்கமும் சரிந்து தண்ணீர் வந்து சேரும் தாழ்ந்த பகுதியில். அங்கே அருகம்புல் போடுங்கள். கோடையில் பழுப்பாகி, முதல் மழைக்கு மறுபடி தழைப்பது அதன் குணம். மே மாதத்தில் அது பழுப்பாக இருக்க அனுமதி கொடுப்பதுதான் உங்கள் சங்கம் எடுக்க வேண்டிய கடினமான முடிவு. காலணி மட்டும் படும் மற்ற இடங்களுக்குப் பொடுதலை மிக நல்ல தரைமூடி. வாய்க்கால் ஓரத்தில் தானாகவே படர்ந்து கிடக்கும் செடிதான். ஒரு அடிக்கு ஒரு கணு வீதம் ஐப்பசியில் ஊன்றினால் தை மாதத்துக்குள் மூடிவிடும், உப்பையும் பொறுக்கும், வெட்ட வேண்டிய வேலையும் குறைவு. பூக்கும் காலத்தில் தேனீ வரும் என்பதால் வெறுங்காலோடு ஓடும் இடத்தில் மட்டும் வேண்டாம்.

மரங்கள். ஆறு கிரவுண்டுக்கு இருபத்தைந்து மரத்துக்கு மேல் வேண்டியதில்லை; இருபதடி இடைவெளி விடுங்கள். புங்கை, பூவரசு, புன்னை, மகிழம், இலுப்பை, வேம்பு, நாவல், சரக்கொன்றை ஆகியவை நாற்றங்கால்களில் எளிதாகக் கிடைக்கும். இவற்றில் புன்னையும் பூவரசும் புங்கையும் உப்புத் தண்ணீரை நன்றாகத் தாங்கும். உலக்கைப்பாலை, வெப்பாலை, குருந்து போன்ற இந்தக் கடலோரக் காட்டின் அசல் குடிகளைத் தேடிப் பிடிக்க வேண்டும். வளர்ச்சி மெதுவாக இருந்தாலும் வேரூன்றியபின் தண்ணீர் கேட்காத மரங்கள் அவை. இத்தகைய காட்டை மனிதக் கையால் மீட்க முடியும் என்பதற்கு ஆரோவில் ஒரு சான்று. நம் ஊரிலேயே அடையாற்றுக் கழிமுகத்தில் 2011-இல் திறக்கப்பட்ட தொல்காப்பியப் பூங்காவும் உள்ளூர் மரஞ்செடிகளையே முதன்மையாக வைத்து எழுப்பப்பட்டது. மனையின் தாழ்ந்த மூலையில் நீர்மருதும் நீர்க்கடம்பும் வையுங்கள். கார்த்திகையில் காலடியில் தண்ணீர் நின்றாலும் அவற்றுக்கு ஒன்றும் ஆகாது.

2016 டிசம்பரில் வர்தா புயல் சாய்த்த மரங்களில் தூங்குமூஞ்சி, குல்மொஹர், பெல்டோபோரம் போன்ற அயல்மரங்கள் மிகுதி என்பது ஊரறிந்தது. அதிலிருந்து உள்ளூர் மரம் விழாது என்ற முடிவுக்குத் தாவிவிட முடியாது. வேரைச் சுற்றிக் கான்கிரீட் போட்ட இடத்தில் வேம்பும் விழுந்தது, புங்கையும் விழுந்தது. மரத்தின் வகைக்கு எவ்வளவு பங்கு, வேருக்கு இடம் தராததற்கு எவ்வளவு பங்கு என்பதில் துறைக்குள் இன்னும் வாதம் உண்டு. இரண்டுக்கும் வழி செய்துவிடுவது புத்திசாலித்தனம். கோனோகார்பஸ் என்ற அயல்மரத்தை யார் இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். ராயல் பாம், ஃபாக்ஸ்டெயில் பாம் வரிசை புகைப்படத்துக்கு நன்றாக இருக்கும். நிழல் தராத மரத்துக்குத் தண்ணீர் ஊற்றுவதில் எனக்கு உடன்பாடில்லை. பத்தடி உயர 'ரெடிமேட்' மரங்களையும் தவிர்க்கலாம். பையில் வேர் சுருண்டுபோன பெரிய கன்றைவிட, மூன்றடிக் கன்று நான்காம் ஆண்டில் உயரமாக நிற்கும்.

புதர்களில் ஆவாரை, நொச்சி, ஆடாதொடை, விராலி, நந்தியாவட்டை, காகிதப்பூ, டிசம்பர் பூ இவையெல்லாம் குறைந்த தண்ணீரில் ஓடும். அரளியும் ஓடும், ஆனால் அதன் எல்லாப் பகுதியும் நஞ்சு என்பதால் குழந்தைகள் விளையாடும் பக்கம் வேண்டாம். ரோஜா, செம்பருத்தி, இட்லிப்பூ கேட்கிறவர்கள் கட்டாயம் இருப்பார்கள். அவர்களுக்கும் நுழைவாயில் அருகே, குழாய்க்குப் பக்கத்தில், ஒரே பாத்தியாக இடம் கொடுத்துவிடுங்கள். தண்ணீர் அதிகம் கேட்பவற்றைப் பூங்கா முழுக்கத் தூவிவைத்தால், நான்கு ரோஜாவுக்காக நாற்பது ஆவாரைக்குத் தண்ணீர் ஊற்ற நேரிடும். ஆவாரை அதில் அழுகியும் போகும்.

நடும் காலம் பெரும்பாலும் திறப்பு விழாத் தேதியை ஒட்டியே முடிவாகிறது. அல்லது ஜூன் 5 சுற்றுச்சூழல் நாளில் கன்று நட்டுப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். ஜூன் தொடக்கம் சென்னையில் கன்று நட மோசமான நேரம். 'ஆடிப்பட்டம் தேடி விதை' என்பது வயலுக்குச் சொன்னது. வடகிழக்குப் பருவத்தை நம்பியிருக்கும் இந்த ஊரில் மரத்துக்கு ஆவணிக் கடைசியிலிருந்து புரட்டாசி வரை சரியான காலம். மாலை மழைகள் வேரைப் பிடிக்க வைக்கும்; ஐப்பசியில் பெருமழை வரும்போது கன்று நிலைத்திருக்கும். களிமண் மூலையில் மட்டும் சிறு மேடு கட்டி அதன்மேல் நடுங்கள். முதல் கோடையில் வாரத்துக்கு இரண்டு தடவை, கன்றுக்கு இருபது லிட்டர்; இரண்டாம் கோடையில் வாரம் ஒரு தடவை, வட்டப்பாத்தியைக் கன்றிலிருந்து விலக்கி அகலமாக்கி; மூன்றாம் கோடையில் மே மாதத்தில் வாடினால் மட்டும். தினமும் ஒரு குடம் ஊற்றுவதைவிட இது நல்லது. மேல்மண் மட்டும் நனைந்தால் வேர் மேலேயே சுற்றிக்கொண்டிருக்கும். ஆக, முதல் இரண்டு கோடைக்கு எந்த உள்ளூர் மரமும் தண்ணீர் இல்லாமல் வளராது. 'நாட்டு மரம், தண்ணீரே வேண்டாம்' என்று சொல்லி நட்டுவிட்டுப் போகிறவர்களால்தான் அந்த மரங்களுக்குக் கெட்ட பெயர்.

மியாவாக்கி பற்றி உங்கள் சங்கத்தில் இருதரப்பும் ஓரளவு சரி. ஒரு சதுர மீட்டருக்கு மூன்று நான்கு கன்று வீதம் நெருக்கி நட்டால் ஒளிக்குப் போட்டியிட்டு வேகமாக உயர்கின்றன. 2020-இலிருந்து சென்னையில் கோட்டூர்புரம் போன்ற இடங்களில் இப்படி நடப்பட்டிருக்கிறது. இரண்டு மூன்று ஆண்டு தவறாமல் தண்ணீரும், தொடக்கத்தில் வண்டிவண்டியாக உரமும் வேண்டும் என்பதும் உறுதி. அதற்குப்பின் அது தானே நிற்கும் இயற்கைக் காடாகிவிடும், பத்து மடங்கு வேகத்தில் வளரும் என்று சொல்லப்படுவதெல்லாம் நம் மழைக்காலத்தையும் வறட்சியையும் நீண்டகாலம் கண்டபின் சொல்ல வேண்டியவை. பூங்கா என்பது மனிதர் நுழைந்து, ஒருவரை ஒருவர் பார்க்கும்படி இருக்க வேண்டிய இடம்; மாலையில் பெண்களும் பிள்ளைகளும் வரும் ஆறு கிரவுண்டின் நடுவில் அடர்காட்டை நான் பரிந்துரைக்க மாட்டேன். பின்புற மதிலை ஒட்டிப் பத்தடி அகலத்தில் ஒரு பட்டையாக வைத்தால் தூசியையும் மதில் சூட்டையும் தடுக்கும். இரு சாராருக்கும் இது ஒத்துவரலாம்.

இப்போது போர்வெல்லும் சொட்டுநீரும். தண்ணீரை ஏப்ரலில் ஒரு தடவை, டிசம்பரில் ஒரு தடவை பரிசோதனைக் கூடத்தில் கொடுத்துப் பாருங்கள். கரைந்த உப்பு லிட்டருக்கு 2,000 மில்லிகிராமைத் தாண்டினால் பல அலங்காரச் செடிகளின் இலை நுனி கருகும். அப்படியானால் தெளிப்பான் கூடவே கூடாது; உப்புநீர் இலையில் பட்டுக் காய்ந்தால் கேடு இரட்டிப்பு. சொட்டுநீர் நல்ல முறைதான். நான்கு லிட்டர் சொட்டுவான் ஒரு மணி நேரத்தில் நான்கு லிட்டரைச் சரியான இடத்தில் தரும். ஆனால் பொதுப் பூங்காவில் அதன் நிலை என்ன என்று பார்த்துவிட்டு முடிவெடுங்கள். உப்பால் துளை அடைபடும். அணில் குழாயைக் கடிக்கும். நடப்பவர் காலில் இடறும். மரம் வளர வளர சொட்டுவானை வெளியே நகர்த்தவில்லையென்றால் அடிமரம் மட்டும் நனையும். வடிகட்டியை வாரம் ஒருமுறை கழற்றிக் கழுவ ஓர் ஆள் நிச்சயம் என்றால் புதர்ப் பாத்திகளுக்குப் போடுங்கள். அந்த உறுதி இல்லையென்றால், வட்டப்பாத்தியும் சருகு மூடாக்கும் ஹோஸும் போதும். நான் பார்த்தவரை, கைவிடப்பட்ட சொட்டுநீரைவிட அக்கறையுள்ள தோட்டக்காரரின் ஹோஸ் குறைந்த தண்ணீரே செலவழிக்கிறது.

கடைசிக் கோடை வாரங்களில் புதர்ப் பாத்திகளுக்கு மேலே சொன்ன கணக்குப்படி நாளொன்றுக்கு எழுநூறு லிட்டர் அளவில் வேண்டும்; அதை எங்கிருந்து எடுப்பது? பக்கத்து அடுக்குமாடிகளில் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம் உள்ளவற்றைக் கேட்டுப் பாருங்கள். கோயம்பேட்டிலும் கொடுங்கையூரிலும் நாளுக்கு 4.5 கோடி லிட்டர் வீதம் மூன்றாம் நிலை சுத்திகரிப்பு செய்து தொழிற்சாலைகளுக்கு அனுப்புகிறார்கள். அது உங்கள் தெருவுக்கு வராது. ஆனால் நூறு வீடுள்ள ஒரு குடியிருப்பு, கழிப்பறைக்கும் தன் தோட்டத்துக்கும் போக, மிச்சத்தை வடிகாலில் விட்டுக்கொண்டிருக்கலாம். அந்தச் சுத்திகரித்த நீரின் தரம் நாளுக்கு நாள் மாறும் என்பதே இதில் உள்ள சந்தேகம். நிலையத்தை ஓட்டுபவரின் கவனத்தைப் பொறுத்தது. மணமோ நுரையோ இருந்தால் எடுக்க வேண்டாம். எடுத்தால் புதர்ப் பாத்திக்கும் மரத்துக்கும் மட்டும், மூடாக்கின் அடியில். குழந்தைகளின் புல்லுக்கு வேண்டாம். குழாயில் 'குடிக்க உகந்ததல்ல' என்று பெரிதாக எழுதிவையுங்கள். நீரூற்று குறித்துக் கேட்டால், உங்கள் போர்வெல் தண்ணீரில் அதன் முனைகள் உப்படைத்து இரண்டாம் ஆண்டில் நின்றுவிடும், நின்ற தொட்டி கொசுத்தொட்டி ஆகும் என்பதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை.

மூடாக்கு என்பது தண்ணீர் சிக்கனத்தில் மிக மலிவான வழி. அதுதான் முதலில் கைவிடப்படுவதும். மூன்று நான்கு அங்குலச் சருகைப் பாத்தியில் பரப்பி, அடிமரத்திலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்தால் மேல்மண் சுடாது, களையும் குறையும். காலை நடைக்கு வருபவர் அதைக் குப்பை என்பார். தோட்டக்காரர் பெருக்கிக் குவித்துக் கொளுத்துவார். பாதையின் இருபுறமும் மூன்றடி சுத்தமாகப் பெருக்கிவிட்டு, அதற்கு உள்ளே சருகை விட்டுவைப்பது நடைமுறையில் ஒத்துவருகிறது. உங்கள் பகுதியில் சதுப்பை ஒட்டிப் பாம்பு வரும் பயமும் இதனால் குறையும். எட்டு வடிவ நடைபாதை கேட்பார்கள், போட்டுக் கொடுங்கள். அதைக் கான்கிரீட்டாக இல்லாமல் இறுக்கிய கிராவலாகப் போடச் சொல்லுங்கள்.

பராமரிப்பை ஒப்பந்தத்துக்கு விடும்போது 'தினமும் தண்ணீர் பாய்ச்ச வேண்டும்' என்று எழுதும் வழக்கம் உண்டு. அந்த ஒரு வரி இருந்தால் மேலே சொன்ன அத்தனையும் பாழ். அதற்குப் பதிலாக, எந்தப் பாத்திக்கு எந்த மாதத்தில் வாரம் எத்தனை தடவை என்று அட்டவணை போட்டு ஒப்பந்தத்தோடு இணையுங்கள். சருகை வெளியே அனுப்பக் கூடாது, புரட்டாசியில் உறைகிணறு தூர்வார வேண்டும் என்பதையும் சேருங்கள். மோட்டார் குழாயில் ஒரு தண்ணீர் மீட்டர் பொருத்தி, வாராவாரம் எண்ணைக் குறித்து வைத்தால், அடுத்த ஆண்டு கூட்டத்தில் வாதம் எண்களோடு நடக்கும். குழிச் சோதனையில் தண்ணீர் இறங்கிய வேகம், போர்வெல் தண்ணீரின் உப்பளவு, மழை நாளில் மனையில் எந்த மூலையில் தண்ணீர் நிற்கிறது என்ற மூன்றையும் எழுதுங்கள். மரங்களையும் புதர்களையும் எந்தெந்த இடத்தில் வைக்கலாம் என்று அதற்கேற்பச் சொல்கிறேன்.